தெரிந்ததை வரவு வையுங்கள்!

பிச்சாவரம் போயிருப்பீர்கள். போகாதவர்கள் 'இதயக்கனி'யில் பார்த்திருப்பீர்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் படகுத்துறை. துடுப்புப் படகில் ஏறி சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்துவிட்டால், பத்தே நிமிடத்தில் செல்போனும் ஆபீசும் மறந்து போகும். தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்துப் போனால் மட்டும் ஒன்று மறக்காது. வாடை. வேர்களுக்கு நடுவே கறுப்புச் சேறு வெளியே தெரியும். அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வரும்.

நான் கடைசியாகப் போனபோது படகில் ஒரு சென்னைக் குடும்பம். அந்த அம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டிரெய்னேஜை இங்கேயா கொண்டுவந்து விடறாங்க?" என்று கேட்டார். படகோட்டி சிரித்தார். என்னுடன் வந்த நண்பர் சிரிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி பேராசிரியர்.

"ஹைட்ரஜன் சல்ஃபைடும்மா. ஆக்சிஜன் இல்லாத சேத்துல பாக்டீரியா பண்ற வேலை. சாக்கடையெல்லாம் இல்லை" என்றார்.

அந்த அம்மா துப்பட்டாவை எடுக்கவில்லை. நானும் பெரிதாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. நான் பி.காம். பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன்.

அன்று சாயங்காலம் கிள்ளையில் டீ குடிக்க இறங்கினோம். பேராசிரியருக்கு இறால் குளம் பார்க்க ஆசை. டீக்கடைக்காரர் ஓர் இளைஞரைக் காட்டினார். வயது 27. இறால் பண்ணையில் டெக்னீஷியன். பெயர் வேண்டாம். அவர் இன்னும் பரீட்சை எழுத வேண்டியவர்.

குளக்கரையில் நின்றோம். துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. இளைஞர் ஒரு சின்னக் குப்பியில் குளத்துத் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் வரை எண்ணினார். நோட்டில் எழுதினார். பேராசிரியருக்குக் கை அரித்தது. வாத்தியார் அல்லவா, கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

"தம்பி, பி.ஹெச். எவ்வளவு?"

"காலையில 7.8 சார். இப்ப 8.3. அரைக்கு மேல வித்தியாசம் வந்தா பயந்துடுவேன்."

"சாயங்காலம் ஏன் ஏறுது?"

"வெயில்ல பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்குது சார். அது தண்ணியில கரைஞ்சா ஆசிட். ஆசிட் குறைஞ்சா பி.ஹெச். ஏறத்தானே செய்யும்? ராத்திரி பாசியும் மூச்சு விடுது, இறாலும் மூச்சு விடுது. திரும்ப இறங்கிடும்."

"ஏறினா என்ன நஷ்டம்?"

"அமோனியா சார். மிச்சத் தீனி, இறாலோட கழிவு எல்லாம் அதாத்தான் ஆகுது. பி.ஹெச். கம்மியா இருந்தா அமோனியம் அயனியா கிடக்கும், அவ்வளவு தொந்தரவு இல்ல. ஏற ஏற அமோனியாவா மாறும். அதுதான் விஷம். அதனாலதான் மத்தியான வெயில்ல சுட்ட சுண்ணாம்பு போடக்கூடாதும்பேன். முதலாளி கேக்க மாட்டாரு."

பேராசிரியர் ஒரு கண்ணி வைத்தார். "அப்ப பி.ஹெச். எப்பவும் இறங்கியே இருந்தா நல்லதுதானே?"

"ஆகாது சார். அடிச் சேத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கே, அது நேர் எதிர். பி.ஹெச். இறங்கினாத்தான் அது விஷம். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்."

மத்தியானம் படகில் மூக்கைப் பொத்தவைத்த அதே வாயு. பேராசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷம் லீ சாட்லியர் தத்துவம் நடத்தியிருக்கேன்யா. மனப்பாடமா ஒப்பிச்ச பசங்களை நிறையப் பார்த்திருக்கேன். அதை வச்சுப் பொழைக்கிறவனை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

இந்த இளைஞரின் கல்வித் தகுதி? பிளஸ் டூ. அவ்வளவுதான்.

* * *

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் சேர்ந்தவர்தான். இரண்டாவது வருடம் அப்பா படுத்துவிட்டார். இரவில் பண்ணையில் வேலை, பகலில் கல்லூரி. இறால் குளத்தில் விடிவதற்கு முந்தைய நேரத்தில்தான் ஆக்சிஜன் அடியாழத்துக்குப் போகும். கண்ணை மூட முடியாது. காலை முதல் வகுப்பு போனது. அப்புறம் இரண்டாவது வகுப்பு. செமஸ்டர் முடிவில் வருகைப் பதிவு 58 சதவீதம். வேண்டியது 75. ஹால் டிக்கெட் கிடையாது. பையன் அதோடு நின்றுவிட்டான்.

கல்லூரியின் பெயர் எதற்கு? நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் விதி இதேதான்.

அந்த விதியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பல கல்லூரிகளில் 75-க்குச் சற்றுக் குறைந்தால் மன்னிப்பு உண்டு. சும்மா இல்லை, பணம் கட்டினால் மன்னிப்பு. அதாவது, வராத வகுப்பைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வகுப்புக்கு வராமலே பாடம் தெரிந்திருந்தால் அதற்கு வழி கிடையாது. இதில் எது கல்வி, எது கலெக்‌ஷன்? நீங்களே சொல்லுங்கள்.

நான் படித்த காமர்ஸில் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் உண்டு. வந்ததை வரவு வைக்க வேண்டும். எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்த்து வரவு வைக்கிற கணக்குப்பிள்ளையை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். நம் பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் கணக்கு எழுதுகின்றன. அறிவு கல்லூரி வாசல் வழியாக வந்தால் வரவு. குளக்கரை வழியாக வந்தால் அது கணக்கிலேயே இல்லை.

* * *

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'கிளெப்' என்று பெயர். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. 1967-லிருந்து நடக்கிறது. மொத்தம் 34 பரீட்சைகள், அதில் கெமிஸ்ட்ரியும் ஒன்று. ஏறக்குறைய 75 கேள்விகள், 90 நிமிடம். முதலாண்டு கல்லூரி கெமிஸ்ட்ரி முழுவதும் அதில் வரும். கட்டணம் நூறு டாலருக்குள். தேர்வு மையம் தனியாகக் கொஞ்சம் வாங்கும். 20-லிருந்து 80 வரை போகிற அளவுகோலில் 50 வாங்கினால் போதும். ஏற்றுக்கொள்கிற கல்லூரிகள் சுமார் 2,900. கல்லூரி ஏற்றுக்கொண்டால் அந்தப் பாடத்தின் கிரெடிட் உங்கள் கணக்கில் ஏறிவிடும். வகுப்புக்குப் போக வேண்டாம், அதற்கான ஃபீஸும் கட்ட வேண்டாம். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்ற கேள்வியே இல்லை. ராணுவத்தில் இருந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை பெற்று வளர்த்துவிட்டுத் திரும்பி வந்த பெண்கள், இப்படிப்பட்டவர்கள் அந்த வழியாக உள்ளே வருகிறார்கள்.

அமெரிக்காவில் பாலாறு ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. பெரிய பெயர் வாங்கிய சில பல்கலைக்கழகங்கள் கிளெப்பைக் கண்டுகொள்வதில்லை. ஏற்றுக்கொள்கிற கல்லூரிகளிலும் சில, லேப் வகுப்பைத் தனியாகச் செய்யச் சொல்கின்றன. அது நியாயமும்கூட. ஆனால் கதவு என்று ஒன்று இருக்கிறது. நம்மிடம் சுவர்தான் இருக்கிறது.

"இன்னொரு பரீட்சையா? நீட் போதாதா?" என்று உடனே ஒரு குரல் வரும். நியாயமான கோபம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நீட்டில் கெமிஸ்ட்ரிக்கு 45 கேள்விகள், 180 மார்க். அதில் நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்பது முக்கியமில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு வாங்கினார் என்பதுதான் முக்கியம். அது ஆளை வெளியே தள்ளுகிற பரீட்சை. நான் கேட்பது உள்ளே விடுகிற பரீட்சை. ஐம்பது வாங்கினால் ஐம்பது பேரும் பாஸ், ஐயாயிரம் பேரும் பாஸ். ரேங்க் இல்லை, கட் ஆஃப் இல்லை, போட்டியில்லை. எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வை 2007-ல் ஒழித்துக்கட்டிய தமிழ்நாட்டுக்கு இந்த வித்தியாசம் புரியாமல் போகாது.

* * *

இது ஏதோ வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். ஓர் ஓரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் சர்ட்டிஃபிகேட் இருக்கும். 'ராஷ்ட்ரபாஷா' வரை எழுதிய அக்காவின் இந்தி சர்ட்டிஃபிகேட் இருக்கும். டைப்ரைட்டிங் பரீட்சையில் உங்கள் வருகைப் பதிவையா பார்த்தார்கள்? நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை, எத்தனை தப்பு, அவ்வளவுதான் பார்த்தார்கள். அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே கவர்மென்ட் ஆபீசுக்குள் நுழைந்தது.

என்னோடு பி.காம். படித்தவர்களில் சிலர் சி.ஏ. ஆனார்கள். சி.ஏ.வுக்குக் கல்லூரி இருக்கிறதா? கட்டடம் எங்கே, கேன்டீன் எங்கே, வருகைப் பதிவேடு எங்கே? பரீட்சை இருக்கிறது, முதுகெலும்பை முறிக்கிற பரீட்சை. அதோடு ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிக்கிள்ஷிப். ஏட்டறிவுக்குப் பரீட்சை, கையறிவுக்குத் தொழிலிடம். சி.ஏ. தரம் குறைந்த படிப்பு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு கம்பெனியின் ஆயிரம் கோடி ரூபாய்க் கணக்கில் கையெழுத்துப் போடப் பரீட்சை போதும், முதலாண்டு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்குப் போதாது என்றால் எப்படி?

இன்னும் பின்னால் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது அது பாடம் நடத்துகிற இடமே இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த, பரீட்சை வைக்கிற அமைப்பு. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள். சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளை படித்த வட்டுக்கோட்டை செமினரி 1855-லேயே மூடப்பட்டுவிட்டது. "உன் கல்லூரி எங்கே?" என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அவருக்குப் பட்டமில்லை. கேட்கவில்லை. பட்டம் வாங்கியவர் பின்னாளில் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். அதற்காக இன்றும் அவரைக் கும்பிடுகிறோம். பிறந்தபோது நம் பல்கலைக்கழகத்துக்கு இருந்த தாராளம், வளர்ந்த பிறகு எங்கே போனது?

பள்ளிக்கூட அளவில் இன்றும் அந்தத் தாராளம் கொஞ்சம் இருக்கிறது. 1989-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குச் சமமான படிப்பில் கெமிஸ்ட்ரி எடுக்கலாம். எழுத்துத் தேர்வு 80, செய்முறை 20. ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. பாஸான பாடம் பாஸானபடியே கணக்கில் நிற்கும். 'நான் ரெடி' என்று சொன்னபோது பரீட்சை வைக்கிற ஏற்பாடுகூட அவர்களிடம் உண்டு. பிளஸ் டூவில் முடிகிறது, அடுத்த வருடப் பாடத்தில் ஏன் முடியாது?

* * *

எதிர்க்கட்சியும் பேசட்டும்.

"கெமிஸ்ட்ரி என்றால் லேப் வேண்டாமா?" வேண்டும். யார் வேண்டாம் என்றது? லேப் தேர்வைத் தனியாக வையுங்கள். சனி, ஞாயிறுகளில் அரசுக் கல்லூரிகளின் பரிசோதனைச் சாலைகள் பூட்டித்தானே கிடக்கின்றன? ஒரு சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்து வாரம் திறந்து விடுங்கள். பியூரெட்டைப் பிடித்து நிறம் மாறுகிற சொட்டில் நிறுத்தத் தெரிகிறதா என்று பாருங்கள். கிள்ளை இளைஞர் அதைத் தினம் இரண்டு வேளை செய்கிறார். தப்பாகச் செய்தால் நமக்கு இரண்டு மார்க் குறையும். அவருக்குக் குளமே செத்துப்போகும்.

"கோச்சிங் சென்டர்காரன் புகுந்துவிடுவான்." புகுவான். இப்போது மட்டும் வெளியிலா நிற்கிறான்? அவன் விற்பது, இந்தக் கேள்வி வரும் என்கிற ஜோசியம். கேள்வியைப் புரிந்துகொண்டால்தான் பதில் எழுத முடியும் என்று ஆக்கிவிட்டால் அவன் கடையில் பாதிச் சரக்கு விலை போகாது.

"மோசடி நடக்கும்." இது கனமான வாதம். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் வலியும் தெரியும். பள்ளிப் படிப்பு, பிளஸ் டூ, டிகிரி என்ற படிகளைத் தாண்டித் திறந்தவெளி முறையில் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கு அது. அதே வருடம் தமிழ்நாடு அரசும் படிகளைத் தாண்டிய பட்டங்கள் அரசு வேலைக்கு உதவாது என்று உத்தரவு போட்டது. பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தவர்கள் பிரமோஷன் கிடைக்காமல் நின்றார்கள்.

அந்தக் கதையிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் என்ன? 'படி தாண்டினால் தப்பு.' கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம் வேறு. படியில் ஏறினானா என்பதைவிட, மேலே வந்தவனுக்கு மேலே இருப்பதற்கான சரக்கு இருக்கிறதா என்று உருப்படியாகச் சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனையை யாரும் கேட்கவில்லை. முழு வருகைப் பதிவோடு, எல்லாப் படியிலும் முறையாக ஏறி வந்து, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு நாளைக்கே அந்தச் சோதனையை வைத்துப் பார்ப்போமா? வேண்டாம், பாவம்.

"இப்போதுதான் கிரெடிட் பேங்க் வந்துவிட்டதே?" வந்துவிட்டது. 2021-ல் யு.ஜி.சி. கல்விக் கிரெடிட் வங்கி திறந்தது. ஆன்லைனில் 'ஸ்வயம்' பாடங்கள் படித்து 40 சதவீதம் வரை கிரெடிட் வாங்கலாம் என்றது. 2023-ல் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு என்று ஒன்று வந்தது. அனுபவத்தால் கற்றதையும் சோதித்துப் பார்த்துக் கிரெடிட் தரலாம் என்று அதில் எழுதியே இருக்கிறார்கள். படித்தபோது காமர்ஸ்காரனான எனக்குப் புல்லரித்தது. அப்புறம் அந்த வங்கியின் விதியைப் படித்தேன். மாணவரிடமிருந்து நேரடியாக எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். பதிவு செய்த கல்வி நிறுவனம் வழியாகத்தான் வரவேண்டுமாம்.

கணக்கு வைத்திருப்பவர் கையால் டெபாசிட் வாங்காத வங்கியை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. போலிச் சான்றிதழைத் தடுக்க அந்த விதி என்பது புரிகிறது. சரி, கிள்ளை இளைஞர் எந்த நிறுவனம் வழியாக வருவார்? அவரைத்தான் நிறுவனம் 58 சதவீதத்தில் வெளியே நிறுத்திவிட்டதே. இக்னோ இருக்கிறது, நல்ல வழிதான். வேலையில் இருந்தபடியே படிக்கலாம். ஆனால் அங்கும் பி.எஸ்ஸி. முடிக்கக் குறைந்தது மூன்று வருடம். ஏற்கெனவே தெரிந்ததற்கும் சேர்த்து மூன்று வருடம்.

* * *

சரி, அப்படி ஒரு பரீட்சை நாளைக்கே வந்தால் இந்த இளைஞர் பாஸ் பண்ணிவிடுவாரா?

மாட்டார். இதை மறைத்தால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை என்று அர்த்தம்.

பேராசிரியர் அன்றிரவே அதைச் சோதித்துவிட்டார். கிளெப் கெமிஸ்ட்ரியின் பாடப் பங்கீட்டைச் செல்போனில் எடுத்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இளைஞரின் நோட்டில் எழுதினார். அணு அமைப்பும் பிணைப்பும் 20 சதவீதம். திட, திரவ, வாயு நிலைகள் 19. பொருள்களின் குணங்கள் 14. வினை வகைகள் 12. சமன்பாடும் மோல் கணக்கும் 10. செய்முறை 9. சமநிலை 7. வெப்ப இயக்கவியல் 5. வினை வேகம் 4. கூட்டினால் நூறு.

பிறகு பக்கத்தில் ஒரு கோடு. தெரிந்தது ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம். எனக்குப் புரிகிற பாஷைக்கு ஆள் வந்துவிட்டார். ஐந்தொகை!

சமநிலையும் செய்முறையும் நேரே வரவுப் பக்கம் போயின. வினை வகைகளில் பெரும்பகுதியும் போனது. மோல் கணக்கு என்றதும் இளைஞர் தயங்கினார். "அது எனக்கு வராது சார். காலேஜ்லயே வராது."

"ஒரு ஏக்கர் குளம், ஒரு மீட்டர் ஆழம். எவ்வளவு தண்ணி?"

"நாலாயிரம் கன மீட்டர் வரும் சார்."

"காரத்தன்மையை 20 பி.பி.எம். ஏத்தணும். எவ்வளவு சுண்ணாம்புக்கல் தூள்?"

"ஒரு பி.பி.எம்.முக்கு நாலு கிலோ. அப்ப 80 கிலோ. கணக்குக்குத்தான் சார், கல்லுத் தூள் அவ்வளவும் கரையாது."

"தூள் இல்லை, சுட்ட சுண்ணாம்புதான் இருக்கு. எவ்வளவு?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல போடுவோம். 45 கிலோ."

"ஏன் பாதிக்குக் கொஞ்சம் மேல?"

"பெரியவங்க சொன்னது சார்."

"பெரியவங்க சொன்னதில்லைடா! கால்சியம் கார்பனேட் மோல் எடை 100, கால்சியம் ஆக்சைடு 56. நூறுக்கு ஐம்பத்தாறுன்னா, எண்பதுக்கு எவ்வளவு?"

இளைஞர் செல்போனில் தட்டிப் பார்த்தார். 44.8. நிமிர்ந்து பேராசிரியரைப் பார்த்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆறு வருடமாகத் தினம் பேசிக்கொண்டிருந்தது மோல் என்ற பாஷைதான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

இதைத்தான் நான் தயாரிப்பு என்பேன். நம்மிடம் தயாரிப்பு என்றால் என்ன? புக் பேக் ஒன் மார்க்கைத் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும். பத்து வருடக் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்து, "இந்த சாப்டரை விட்டுடலாம்" என்று தைரியமாக முடிவெடுக்க வேண்டும். விட்ட சாப்டர் வாழ்க்கை முழுக்க விட்டதுதான். மூன்று மணி நேரம் மனதில் நிற்க வேண்டியதை மூன்று மாதம் சுமக்கிறோம். நாலாவது மணி நேரத்தில் இறக்கி வைத்துவிடுகிறோம். பி.காம். படித்த நானும் அப்படித்தான் இறக்கி வைத்தேன். ஆகவே கெமிஸ்ட்ரிக்காரர்களை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

தெரியாத பக்கம் கனமாகவே இருந்தது. அணு அமைப்பில் எலெக்ட்ரான் அடுக்கு மறந்துவிட்டது. பிணைப்பில் பெயர்கள் மட்டும் நினைவிருக்கின்றன. வாயு விதிகளில் ஒன்று தெரியும், ஒன்று தெரியாது. பேராசிரியர் தாட்சண்யமே காட்டவில்லை. "இதெல்லாம் குளத்துல கிடைக்காது, புஸ்தகத்துலதான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார். பிளஸ் ஒன், பிளஸ் டூ புதுப் பாடப் புத்தகங்களை அரசு இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது. இறக்கிக் கொடுத்தார். தமிழிலேயே இருக்கிறது. 'தமிழில் கெமிஸ்ட்ரியா?' என்று உதடு பிதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்து மாணவர்களுக்காகத் தமிழில் கொண்டுவந்த 'கெமிஸ்தம்' வெளியானது 1875-ல்.

ஆக, ஏறக்குறைய நாற்பது பங்கு கையில் இருக்கிறது, மீதி அறுபதைப் படித்தாக வேண்டும். நாற்பதை ஒருவர் சம்பாதித்து வைத்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனமில்லை. மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து, மறுபடியும் ஃபீஸ் கட்டி, மறுபடியும் 75 சதவீதம் வா என்கிறோம். அவர் வர மாட்டார். இரவு வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

* * *

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். நாலே நாலு காரியம்.

ஒன்று, முதலாண்டுப் பாடங்கள் ஒவ்வொன்றுக்கும் வருடம் இருமுறை, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தேர்வு. தமிழிலும் ஆங்கிலத்திலும். இரண்டு, செய்முறைக்குத் தனித் தேர்வு. அதற்காக விடுமுறை நாளில் லேப் திறப்பு. மூன்று, பாஸானவரின் கிரெடிட்டைத் தேர்வு நடத்துகிற பல்கலைக்கழகமே கிரெடிட் வங்கியில் போட வேண்டும். நான்கு, ரேங்க் பட்டியல் என்ற பேச்சே கூடாது. பாஸ் அல்லது இன்னொரு முறை வா.

யார் தொடங்குவது? கிள்ளையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அண்ணாமலை நகர் இருக்கிறது. 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1979-லிருந்து தொலைநிலைக் கல்வி நடத்திய அனுபவம், நல்லதும் கெட்டதுமாக, வேறு யாருக்கு இவ்வளவு உண்டு? பரங்கிப்பேட்டையில் இதே உப்பங்கழித் தண்ணீரை ஆராய்கிற கடல் உயிரியல் மையமும் அதனுடையதுதான். 2013-லிருந்து அரசின் கையில் இருக்கிறது. பட்டம் செல்லாது என்று கோர்ட்டில் கேட்க வேண்டியிருந்த அதே இடத்திலிருந்து, 'எங்கள் தேர்வில் தேறியவனுக்குச் சரக்கு இருக்கிறது' என்று ஊர் சொல்கிற தேர்வு வரட்டுமே.

இறால் பண்ணைகளால் மண்ணும் நிலத்தடி நீரும் கெடுகிற கதை தனி. 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். அதையும் ஒரு வாரம் பேசுவோம். ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்தத் தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்ள நாளைக்கு ஆள் தேவைப்பட்டால், ஏ.சி. அறையில் ஒன் மார்க் ஒப்பித்தவரைக் கூப்பிடுவீர்களா, சொட்டு எண்ணத் தெரிந்தவரைக் கூப்பிடுவீர்களா?

போன வாரம் பேராசிரியர் போன் செய்தார். இளைஞர் தினம் விடியற்காலை மூன்று மணிக்கு ஆக்சிஜன் அளவு பார்த்துவிட்டு, ஐந்து மணி வரை சக்கரங்களுக்குக் காவல் இருக்கும் நேரத்தில் படிக்கிறாராம். எலெக்ட்ரான் அடுக்கு முடிந்து பிணைப்புக்கு வந்திருக்கிறாராம். சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறதாம்.

"எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறார்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் அவனும் கேக்கறான். நீதான் பத்திரிகைக்காரனாச்சே, கேட்டுச் சொல்லு" என்றார்.

கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.